உட்கார்ந்தபடி கேட்க ஒரு தேசபக்திக் கவிதை

இமயத்துப் பனியில் உறைந்து நிற்கும் ராணுவ வீரனைப் பற்றிய என் முதல் கவிதையை, சித்திரை மாதத்துப் பகல் பன்னிரண்டு மணிக்கு, போடிநாயக்கனூரில் எங்கள் ஓட்டு வீட்டுக்குள், தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பதிவு செய்தேன். கம்பளி போர்த்தியது கற்பனைக்காக அல்ல. தெருவில் போகிற ஜீப்புகளின் ஹாரன் பதிவில் விழுந்துவிடும் என்பதற்காக. செல்போனை வாயருகே பிடித்துக்கொண்டு, மூக்கு நுனியில் வியர்வை சொட்ட, "குளிர்... எலும்பைக் கடிக்கும் குளிர்..." என்று சொன்னேன். பனியை நான் பார்த்ததில்லை. போடிமெட்டில் பார்த்த மூடுபனியைத்தான் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டேன்.

அந்தக் கம்பளி அம்மாவுடையது. முழங்கால் வலி வரும்வரை அம்மா தினமும் ஜீப்பில் மலையேறி, கேரளத்துப் பக்கத்து எஸ்டேட்டில் ஏலக்காய் எடுத்தவள். மலையை விட்டு இறங்கியபிறகும் கம்பளியிலிருந்து விறகுப்புகையும் ஏல வாசனையும் போகவில்லை. கவிதையின் ஆறாவது வரியில் அந்த வாசனை மூக்கில் ஏறி, வந்த தும்மலை நான் தொண்டையிலேயே நெரித்துவிட்டேன். திரும்பப் பதிவு செய்யப் பொறுமையில்லாமல் அப்படியே வாட்ஸ்ஆப் குழுவுக்கு அனுப்பினேன். "தாயின் கடிதத்தை அவன் பிரிக்கும் இடத்தில் உங்களை மீறி விம்மிவிட்டீர்கள். நானும் விம்மினேன்" என்று முகம் தெரியாத ஒரு பெரியவர் பதில் போட்டிருந்தார்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் கடையில் எனக்கு வேலை. சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, நகல் எடுப்பது, ரேஷன் கார்டில் பிறந்த குழந்தையைச் சேர்ப்பது. தமிழ் இலக்கியம் படித்துவிட்டு இந்தச் சோலிதானா என்று யாராவது கேட்பதற்கு முன் நானே கேட்டுக்கொள்வேன். அப்போதுதான் குரல் கவிதைகள் போடும் அந்த வாட்ஸ்ஆப் குழுவில் சேர்ந்தேன். அதில் இருந்தவர்கள் காதலில் தொடங்கி, அம்மாவில் நின்று, தேசத்தில் போய்ச் சேர்ந்தவர்கள். காதல் கவிதைக்கு இதயம் வரும். அம்மா கவிதைக்குக் கும்பிடும் கை வரும். தேசத்துக்குத்தான் கொடி, தீ, வாள், கைத்தட்டல் எல்லாம் ஒன்றாக வரும்.

இரண்டு மாதத்தில் செய்முறை கைவந்துவிட்டது. முதல் மூன்று வரி தாழ்ந்த குரலில். நாலாவது வரிக்குள் 'அம்மா' வந்துவிட வேண்டும். பிறகு வயலின். வயலின் இல்லாமல் யாரும் நாட்டுக்காக அழுததாக எனக்குத் தெரியவில்லை. நடுவில் ஒரு வெடிச்சத்தம், மூன்று விநாடி நிசப்தம், பிறகு குரலை உயர்த்தி, கேட்கிறவனைப் பார்த்து ஒரு கேள்வி: "நீ என்ன செய்தாய்?" அவன் பாவம், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பான். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் பத்துப் பேருக்கு அனுப்பிவைக்கிறான். குரல் கரகரப்பாக இருந்தால் பக்தி கூடும் என்பதையும் கண்டுபிடித்தேன். சளி பிடித்திருந்த வாரத்தில் வந்த பாராட்டு வேறெப்போதும் வரவில்லை. அதன்பிறகு பதிவுக்கு முந்தைய மாலையில் ஐஸ் போட்ட மோர் குடிக்க ஆரம்பித்தேன்.

இதையெல்லாம் இன்று சிரித்துக்கொண்டு எழுதினாலும், அன்று நான் நடித்ததாக நினைத்துவிடக் கூடாது. என் பதிவை நானே கேட்டு, மயிர்க்கூச்செறிந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பின் டிரைவர். மகன் குரல் என்று பெருமையாக வண்டியில் ஒலிக்கவிட்டிருக்கிறார். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பின்னாலிருந்து ஒரு பெண், "அண்ணே, அந்தத் தம்பிய நிப்பாட்டிட்டு எதாச்சும் குத்துப்பாட்டு போடுங்கண்ணே. வளைவும் இவரும் சேர்ந்து கொடலப் பெரட்டுது" என்றிருக்கிறாள். கவிதையில் 'எல்லை' என்று வரும்போதெல்லாம் எல்லாரும் செக்போஸ்ட் வந்துவிட்டதோ என்று பையில் இருக்கும் அடையாள அட்டையைத் தேடினார்கள் என்று அப்பா சொன்னார். எங்கள் ஜனங்கள் தினமும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று கேரள எல்லையைத் தாண்டுகிறவர்கள். அவர்களுக்கு அது உணர்ச்சிவசப்படும் இடமல்ல, தாமதமாகும் இடம்.

அம்மா அப்போது ஊருக்குள் ஒரு ஏலக்காய்க் கடையின் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தாள். இருபது, இருபத்தைந்து பெண்கள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் முறம்போல ஒரு சொளகு. சல்லடையில் அளவு பிரித்து வரும் காயைச் சொளகில் கொட்டி, வெடித்தது தனி, வெளிறியது தனி, நல்ல பச்சை தனி என்று விரலால் ஒதுக்குவார்கள். நிறம் பார்க்கிற வேலை என்பதால் கொட்டகையில் பெரிய சொத்து வெளிச்சம்தான். தெற்குச் சுவரில் ஒரே ஒரு ஜன்னல். அதனடியில் அம்மாவின் இடம். டியூப்லைட்டின் கீழே பச்சையும் வெளிறலும் ஒன்றுபோலத் தெரியும் என்பாள்.

அம்மாவுக்கு மட்டும் அது கொஞ்சம் அதிகமாகவே ஒன்றுபோலத் தெரிந்தது. வலது கண்ணில் பால் ஆடைபோல ஒன்று படர ஆரம்பித்திருந்தது. எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அது. "சீசன் முடியட்டும்ப்பா, ஆசுபத்திரி எங்கயும் ஓடிறாது. கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சா நாளைக்கே வேற ஆள உக்கார வச்சிருவாக" என்பாள். ஜன்னல் இருக்கும்வரை வேலை இருக்கும். அதுதான் கணக்கு.

ஆனி மாதக் கடைசியில் என் புதுக்கவிதை வந்தது. அதுவரை எழுதியதில் அதுவே உச்சம். வயலினோடு முரசும் சேர்த்திருந்தேன். நிசப்தத்துக்குப் பிறகு, ஐஸ் மோர் குடித்த தொண்டையின் முழு பலத்தோடு, "எழுந்து நில்!" என்று மூன்று முறை சொல்லியிருந்தேன்.

கொட்டகை மேஸ்திரி என்னை மாப்ளே என்று கூப்பிடும் பழக்கக்காரர். பெண்கள் தூங்காமலும் பேசாமலும் இருக்க அவர் வைத்திருந்த சின்ன ஸ்பீக்கரில் பழைய பாட்டுகள் ஓடும். அன்றைக்கு மத்தியானம் யாரோ அவருக்கு என் பதிவை அனுப்ப, "நம்ம மாப்ள பேசுறாரு, எல்லாரும் கேளுங்க" என்று போட்டுவிட்டார்.

முதல் "எழுந்து நில்"லுக்கே அம்மா எழுந்துவிட்டாள்.

மடியில் இருந்த சொளகு கவிழ்ந்தது. பக்கத்தில் இருந்தவள் அம்மாவைப் பார்த்துத் தேசிய கீதம் போலிருக்கிறது என்று எழுந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். மூன்றாவது "எழுந்து நில்" முடிவதற்குள் கொட்டகை முழுக்க நின்றது. வெடிப்பும் வெளிறலும் பச்சையும், காலையிலிருந்து பிரித்த அத்தனையும், சாதி மதம் அளவு நிறம் பாராமல் தரையில் ஒன்றாகக் கலந்து கிடந்தன. என் கவிதையின் கடைசி வரி கோரியதும் ஏறக்குறைய அதைத்தான்.

மேஸ்திரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முதல் வேலையாக செல்போனை எடுத்து வீடியோ பிடித்தார்.

அன்று மாலைக்குள் போடி முழுக்க அந்த வீடியோ. 'தாய்நாட்டுக்காகத் தன்னிச்சையாக எழுந்த ஏலக்காய்த் தாய்மார்கள்' என்று தலைப்பு. பின்னணியில் என் குரல். எங்கள் குழுவில் கொடிகள் மழையாகக் கொட்டின. 'உழைக்கும் பெண்ணின் கண்ணீரைப் பாருங்கள்' என்று ஒருவர், அம்மா கண்ணைத் துடைக்கும் காட்சியை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார். அந்தக் கண்ணில் எப்போதும் நீர் வடியும் என்பதை நான் போய் யாரிடம் சொல்ல?

அம்மா வீட்டுக்கு வந்ததும் வராததுமாக முந்தானையை உதறிக்கொண்டே கேட்டாள்.

"ஏப்பு, எதுக்கு எந்திரிக்கச் சொன்ன?"

எனக்குப் புரியவில்லை. "நீ எதுக்கும்மா எந்திரிச்ச?"

"நல்லாக் கேட்ட போ. பேங்குல நீ எந்திரின்னா எந்திரிக்கிறேன். அங்க போய் நில்லுன்னா நிக்கிறேன். தாலுகாபீசுல உக்காருன்னா உக்கார்றேன். இங்க ரேகை வைய்யின்னா வைக்கிறேன். இன்னைக்கு ஸ்பீக்கர்ல வந்து எந்திரி எந்திரின்னு கத்துற. பாம்பு கீம்பு வந்திருச்சோ, என்ன எழவோன்னு எந்திரிச்சேன்."

"அது கவிதைம்மா. சும்மா."

"சும்மாவா?" அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "சும்மா சொல்றதுக்கா அம்புட்டுச் சத்தம்?"

எங்கள் வீட்டில் முதலில் எழுதப் படிக்கத் தெரிந்துகொண்டவன் நான். பத்து வயதிலிருந்தே பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, மின் கட்டண ரசீது எல்லாவற்றுக்கும் வீட்டின் வாய் நான்தான். என் குரலில் ஒரு கட்டளை வந்தால் அதற்குப் பின்னால் படித்தவனுக்கு மட்டும் தெரிந்த ஏதோ காரணம் இருக்கும் என்று அம்மா நம்பியிருந்தாள். ஊரே தேசபக்தி என்று கொண்டாடியது அந்த நம்பிக்கையைத்தான். குழுவில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் கும்பிடும் கை ஒன்றைப் போட்டுவிட்டு இருந்துவிட்டேன்.

மறுநாள் ஏலக்காய்க் கடை முதலாளி அந்த வீடியோவைத் தன் ஸ்டேட்டஸில் வைத்தார். 'என் கொட்டகை, என் பெருமை.' வைத்துவிட்டுக் கொட்டகைக்கு வந்து தரையைப் பார்த்தார். கலந்த காயைத் திரும்பப் பிரிக்க இரண்டு நாள் ஆனது. தேசத்துக்காக எழுந்தவளைத் திட்ட முடியாது. வெளியில் தெரிந்தால் அசிங்கம். "மொதல்ல எந்திரிச்ச அந்தம்மா வயசானவுக. ஜன்னல் பக்கம் வெயிலு. உள்ள தள்ளி, ஃபேனுக்கு அடியில உக்காரச் சொல்லு" என்று மேஸ்திரியிடம் அன்போடு சொல்லிவிட்டுப் போனார். ஃபேனுக்கு அடியில் டியூப்லைட்.

மூன்றாம் நாளே அம்மாவின் சொளகில் தப்பு வர ஆரம்பித்தது. பச்சையில் நாலு வெளிறல். மேஸ்திரி வாய்விட்டு ஒன்றும் சொல்லாமல் அவற்றைப் பொறுக்கி அம்மாவின் மடியிலேயே திரும்ப வைத்தாராம். "திட்டியிருந்தாக் கூடத் தேவலை" என்றாள் அம்மா. ஒரு வாரத்தில் பக்கத்தில் இருந்தவள், "என்ன மதினி, தேசத்தப் பாத்த கண்ணுக்குக் காயி தெரியலையாக்கும்?" என்று கேட்டிருக்கிறாள். கொட்டகையே சிரித்திருக்கிறது. அம்மாவும் சிரித்துவைத்தாளாம்.

நான் முதலாளியைப் பார்க்கப் போனேன். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். டீ வந்தது.

"தம்பி, ஒங்க கவிதை என்னைய ரெண்டு தடவ அழ வச்சிருச்சு. கேக்கையில ஒரு தடவ. கீழ பாக்கையில ஒரு தடவ."

மன்னிப்புக் கேட்டேன். அம்மாவை ஜன்னல் பக்கமே மாற்ற வேண்டும் என்றேன். கண் விஷயத்தைச் சொல்லவில்லை. காற்று வேண்டும், மூச்சு வாங்குகிறது என்று பொய் சொன்னேன். நாட்டுக்காகப் பொய் சொல்லிப் பழகிய வாய்க்கு வீட்டுக்காக ஒன்று சொல்வது கஷ்டமாக இல்லை.

"அது பாப்போம். மொதல்ல நீங்க எனக்கு ஒண்ணு செய்யணும். ஆகஸ்ட்டு பதினஞ்சுக்கு நம்ம கொட்டகையில கொடியேத்துறோம். பெரிய வியாபாரிக எல்லாம் வர்றாக. அந்த வீடியோவப் பாத்துட்டு, எங்க அந்தக் கவிதைங்கிறாக. எனக்குக் கவிதையும் வேணும், காயும் வேணும். கொடியேத்தி முடிச்சு அரைநாள் சோலி இருக்கு, லோடு போகணும். அதனால பொம்பளைக எந்திரிக்காம கேக்குற மாதிரி ஒண்ணு கொண்டாங்க. பக்தி கொறையக் கூடாது. ஆனா உக்காந்தே இருக்கணும்."

டீ கிளாஸைக் கீழே வைக்க மறந்துபோனேன்.

உட்கார்ந்தபடி கேட்க ஒரு தேசபக்திக் கவிதை. வீட்டுக்கு வந்து என் பழைய கவிதைகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எழு, நில், நட, பாய், பொங்கு, விழித்தெழு, வீறுகொள், புறப்படு. ஒரு வரியில்கூட நான் யாரையும் உட்கார விட்டிருக்கவில்லை. 'அமர்ந்திடு' என்று எழுதிப் பார்த்தேன். கல்யாணப் பந்தியில் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. ஐந்து நாள் ஒரு வரியும் வரவில்லை.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "என்னத்த எழுதணும், இப்பிடி மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க?"

"உக்காந்திருக்கிறதப் பத்தி."

"அதுக்கா இம்புட்டு யோசன? எத்தன வருசமா உக்காந்திருக்கேன், எங்கிட்டக் கேக்க வேண்டியதுதான?"

கேட்டேன். காலை நீட்டி உட்கார்ந்தால் முதலில் குதிகால் மரத்துப்போகும் என்றாள். பிறகு கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். தண்ணீர் குடித்தால் எழ வேண்டிவரும், சொளகை இறக்க வேண்டும், அதனால் குடிப்பதில்லை. ஏலக்காயின் வால் குத்திக் குத்தி விரல் நுனி ரேகை தேய்ந்துவிட்டது, அதனால்தான் ரேஷன் கடை மெஷின் அவளை அடையாளம் தெரியாது என்கிறது. மேஸ்திரி சிரித்தால் லோடு அவசரம் என்று அர்த்தம். சொல்லிக்கொண்டே போனாள். நான் கம்ப்யூட்டர் கடையில் விண்ணப்பம் நிரப்புவதுபோல எழுதிக்கொண்டே இருந்தேன்.

கம்பளிக்குள் புகுந்து பதிவு செய்தபோது வயலின் போட மனம் வரவில்லை. ஐஸ் மோரும் குடிக்கவில்லை. இப்படித் தொடங்கியது அது:

எழ வேண்டாம், தாயே.
நீ எழுந்தால் காய் சிந்தும்.
மரத்த காலோடு நீ உட்கார்ந்திருக்கும் ஒரு முழ இடமும்
தேசப்படத்தில் இருக்கிறது.
யார் வந்து சொன்னாலும்
எழ வேண்டாம்.

ஆகஸ்ட் பதினைந்து காலை கம்ப்யூட்டர் கடை விடுமுறை என்பதால் நானும் போயிருந்தேன். வாசலில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, விருந்தாளிகளைக் கொட்டகைக்குள் அழைத்து வந்து நாற்காலிகளில் உட்காரவைத்தார்கள். பெண்கள் சொளகோடு தரையில். மேஸ்திரி வீடியோ எடுக்கத் தயாரானவர், செல்போன் திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"மொதலாளி, டியூப்லைட்டுல அந்தம்மா மூஞ்சி கறுப்பா விழுகுது. அவுகதான ஃபேமஸ்?"

"ஜன்னல் பக்கம் உக்கார வைய்யா, வெரசா!"

அம்மா சொளகைத் தூக்கிக்கொண்டு ஜன்னலடிக்குப் போய் உட்கார்ந்தாள். வெளிச்சம் விழுந்ததும் முதலில் ஒரு பிடி காயை எடுத்து, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். மேஸ்திரி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

என் குரல் "எழ..." என்று தொடங்கியதுமே, முன்வரிசையில் இருந்த பெரிய வியாபாரி சட்டென்று எழுந்து விறைப்பாக நின்றுவிட்டார். பழைய வீடியோவைப் பார்த்தவர் அல்லவா. அவர் நிற்பதைக் கண்டு முதலாளி எழுந்தார். முதலாளியைக் கண்டு மற்ற விருந்தாளிகள், கடைசியாக மேஸ்திரி. "வேண்டாம்" என்ற சொல் வந்து சேர்வதற்குள் வேட்டி கட்டிய அத்தனை பேரும் அட்டென்ஷனில் இருந்தார்கள். எழுந்தபிறகு உட்கார்ந்தால் நாட்டுக்கு அவமரியாதை ஆகிவிடுமோ என்று யாரும் உட்காரவில்லை. மூன்று நிமிடம், எழ வேண்டாம், எழ வேண்டாம் என்று என் குரல் கெஞ்சிக்கொண்டிருக்க அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டே கேட்டார்கள். ஒருத்திகூட அழவில்லை. கவிதையில் காய் பிரிக்கும் இடம் வந்ததும் ஒருத்தி மட்டும், "வெடிப்பத்தான் மொதல்ல ஒதுக்கணும், இவரு கடைசியா ஒதுக்குறாரே" என்றாள். "ஆம்பளப் புள்ள, அம்புட்டுதான் தெரியும்" என்றாள் அடுத்தவள்.

பெரிய வியாபாரி வாயை அசைக்காமல் முதலாளியிடம், "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

முடிந்தது. கைத்தட்டினார்கள். மேஸ்திரி செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு, "போதும் ஆத்தா, எந்திரிச்சு ஒங்க எடத்துக்குப் போங்க" என்றார்.

அம்மா காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆத்தா, ஒங்களத்தான்."

"எந்திரிக்கக் கூடாதுன்னுல்ல சொல்லியிருக்கு. யாரு வந்து சொன்னாலும்னு சொல்லுச்சே, கேக்கலையா நீங்க?" அம்மா கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். "நாட்டுக்காக உக்காந்திருக்கேன்."

மேஸ்திரி முதலாளியைப் பார்த்தார். முதலாளி விருந்தாளிகளைப் பார்த்தார். பெரிய வியாபாரி கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பாத்தீகளா? இதுய்யா நாடு!" என்றார்.

"இருக்கட்டும்யா. அங்கயே இருக்கட்டும்" என்றார் முதலாளி.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. சீசன் முடியும்வரை அந்த இடத்தை விடவும் இல்லை. சாப்பிட எழுந்தாலும் சொளகை அங்கேயே வைத்துவிட்டுத்தான் போவாளாம்.

அந்தப் பதிவைக் குழுவிலும் போட்டேன். நாலைந்து கும்பிடும் கை வந்தது. 'எழுச்சி போதவில்லை' என்று ஒருவர். 'தாய்மார்களைச் சோம்பேறிகளாக்கும் போக்கு' என்று ஒருவர். முன்பு என்னோடு சேர்ந்து விம்மிய பெரியவர் மட்டும் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார்: 'சளி சரியாகிவிட்டதா தம்பி? பழைய குரல் இல்லையே.' சரியாகிவிட்டது ஐயா என்று பதில் போட்டேன்.

தை மாதம் அம்மாவைத் தேனிக்குக் கூட்டிப்போய்க் கண் ஆபரேஷன் செய்தோம். மறுநாள் கட்டுப் பிரிக்க வந்த நர்ஸ், "எந்திரிங்கம்மா, வெளிச்சத்துக்கு வாங்க" என்றாள். அம்மா அசையவில்லை. பஞ்சு ஒட்டிய கண்ணோடு நான் நின்ற பக்கம் தலையைத் திருப்பி, "எந்திரிக்கவா?" என்றாள்.

"மடியில ஒண்ணும் இல்லம்மா," என்றேன். "எந்திரி."